கடைசியாக எழுதியதும் கடைசியாக நடந்ததும்

போன மாதம் மணிமேகலை போன் செய்தாள். தேனியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். நான் ஓய்வு பெற்ற மறுநாள் என் நாற்காலியில் உட்கார்ந்தவள். கெட்டிக்காரி.

"அக்கா, கர்ப்பிணிக லிஸ்ட்டைப் புதுசா மாத்துறோம். ஒவ்வொரு தாய்க்கும் கடைசி விசிட்டை மட்டும் எடுக்க இப்பல்லாம் ஒரே குவெரி போதும், அதுவே தேதி பாத்து சரியா எடுத்துருது. அப்புறம் எதுக்குக்கா மொதப் பத்தியில அம்மாம் பெருசா தேதி? டாக்டரெல்லாம் செல்போன்ல பாக்குறாக, இடம் பத்தல. அதை எடுத்துரவா?"

"எடுக்காத" என்றேன்.

"ஏன்க்கா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு மாதம் யோசித்தாயிற்று. வாயால் சொல்லி முடியாது, எழுதிவிடுவதே மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன். மணிமேகலை, பொறுமையாகப் படி. அவசரமெல்லாம் உனக்குத்தான், எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. டைப்ரைட்டிங் இரண்டு மொழியிலும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு மதுரையில் ஆறு மாதம் ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் பாடம் படித்தேன். தேனி தனி மாவட்டமான வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதைத் தொட எல்லோருக்கும் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் நான் படித்ததாகச் சொல்லி வேலை வாங்கியிருந்தேன், வேறு வழி இல்லை.

எனக்கு மேலே இருந்தவர் ரெக்கார்டு பிரிவுப் பொறுப்பாளர் கதீஜா மேடம். உத்தமபாளையத்துக்காரர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தலையில் முக்காடு, கையில் ஓர் அடி மர ஸ்கேல். அந்த ஸ்கேலால் யாரையும் அடித்ததில்லை, ஆனாலும் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவோம். குரலை உயர்த்தமாட்டார். எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எப்ப?"

"மேடம், ஸ்டோர்ல பேப்பர் வந்துருச்சு."

"எப்ப?"

"அந்தப் பேஷன்ட்டுக்குக் காய்ச்சல் இல்லையாம் மேடம்."

"இல்லேன்னா எப்ப இல்ல? காலையிலயா, இப்பயா?"

முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'எப்ப மேடம்'. அவருக்கும் அது தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு நர்சுகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நடந்தே போய், மாசமாக இருக்கும் பெண்களைப் பார்ப்பார்கள். எடை, பிரஷர், கால் வீக்கம், எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதுவார்கள். அந்தச் சீட்டுக் கட்டு என்னிடம் வரும். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். சனிக்கிழமை ஒரு லிஸ்ட் அடிப்பேன். ஒரு தாய்க்கு ஒரு வரி, அவளுடைய கடைசி நிலை மட்டும். இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். திங்கட்கிழமை காலை டாக்டரம்மா அந்த லிஸ்ட்டில் பிரஷர் பத்தியைப் பார்த்துக்கொண்டே வந்து, ஆபத்தான பெயர்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். வட்டம் போட்ட பெண்களை மட்டும் ஜீப் போய் ரோட்டிலிருந்து ஏற்றி வரும். வட்டம் இல்லை என்றால் ஜீப் இல்லை.

டாக்டரம்மாவுக்குப் போகும் முன் கதீஜா மேடம் லிஸ்ட்டைப் பார்ப்பார். பக்கத்தில் நர்சுகளின் டூர் டைரியை விரித்து வைத்துக்கொள்வார். யார் எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போனார்கள் என்பது அதில் இருக்கும். ஸ்கேலை லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் தேதியை டைரியோடு ஒத்துப் பார்ப்பார். பிரஷர், எடை பக்கம் திரும்பவே மாட்டார், அது டாக்டர் பாடு என்பார். இருநூறு வரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று வருடத்தில் ஒரு தப்பும் அகப்படவில்லை. இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்லையா என்று நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அந்த லிஸ்ட்டை எப்படி எடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தக் கால ஃபாக்ஸ்ப்ரோவில், வேண்டியதைக் கேட்டு எழுதும் குவெரியில், தாயின் நம்பரை வைத்து 'குரூப் பை' போட்டால் ஒரு நம்பருக்கு ஒரு வரி வரும். ஒரே தாய்க்கு ஏழு வரி இருந்தால் அதில் எதை எடுப்பது? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், அது தானாகவே ஃபைலில் கடைசியாக இருக்கும் வரியை எடுத்துக் கொடுக்கும். முதல் முறை அப்படி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அடேயப்பா, நம் மனசில் இருப்பதை அதுவே தெரிந்துகொண்டு செய்கிறதே என்று பூரித்துப் போனேன். நோட்டுப் புத்தகத்தில் கடைசி வரிதானே கடைசி? அப்படித்தான் நினைத்தேன். கடைசியாக நான் டைப் செய்தது எதுவோ அதுதான் கடைசியாக நடந்தது என்று மூன்று வருடம் நம்பினேன்.

தொண்ணூற்றொன்பது அக்டோபர். வருசநாட்டுக்கு மேலே, ஓடையைத் தாண்டி ஒரு குடியிருப்பு. அங்கே பவுன்தாய் என்று ஒரு பெண், இருபது வயசு, தலைப் பிரசவம், எட்டாம் மாதம். அந்தப் பக்கம் போகும் நர்சு செல்லத்தாயி. குடையை ஊன்றிக்கொண்டு மலை ஏறினால் ஆம்பளைகள் பின்தங்கிவிடுவார்கள், அப்படி ஒரு நடை.

ஆறாம் தேதி செல்லத்தாயி அங்கே போனபோது பவுன்தாய்க்கு பிரஷர் நூற்றுப் பத்து, எழுபது. குறையே இல்லை. அன்றைய சீட்டுக் கட்டை வழக்கம்போல வருசநாட்டு டீக்கடையில் கொடுத்து, தேனி பஸ் கண்டக்டரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த குடியிருப்புக்குப் போய்விட்டார். அந்தப் பஸ் கடமலைக்குண்டு பக்கம் நின்றுபோனது. பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வண்டியை வொர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டு டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியிலேயே கிடந்துவிட்டது. அந்தக் கட்டு வரவில்லை என்று கதீஜா மேடம் அந்தச் சனிக்கிழமையே டைரியில் குறித்து வைத்திருந்தார், ஆனால் தேடியும் கிடைக்கவில்லை.

இருபதாம் தேதி மறுபடி போனபோது பவுன்தாய்க்கு பிரஷர் நூற்றைம்பது, நூறு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. கையோடு கூட்டிவரப் பார்த்திருக்கிறார். அடைமழை, ஓடையில் தண்ணீர் புரண்டு வருகிறது, தண்ணீர் வடியட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். "திங்கக்கெழம கண்டிப்பா ஜீப் வரும். ரோட்டுக்கு வந்து நில்லு ஆத்தா" என்று நான்கு தடவை சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மாலை நனைந்த சேலையோடு நேராக என் மேசைக்குத்தான் வந்தார். டாக்டரம்மா ஆபரேஷனில் இருந்தார்.

"ஈஸ்வரி, இந்தப் புள்ள சீட்ட மொதல்ல ஏத்து. லிஸ்ட்டுல வந்துரும்ல?"

"வந்துரும் சிஸ்டர். நீங்க போய் ஈரத்த மாத்துங்க" என்றேன்.

அவர் கண் முன்னாலேயே டைப் செய்தேன். அவரும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை காலை பஸ் கண்டக்டரே நேரில் வந்தார், தொலைந்துபோன ஆறாம் தேதிக் கட்டோடு. "வண்டி சரியாகி வந்துச்சுங்க, பொட்டியில பாத்தா இது கெடக்கு. மன்னிச்சுக்கங்க." எனக்குச் சந்தோஷம். ஒரு சீட்டுகூட விடுபடக் கூடாது என்பதில் எனக்கு அப்போது ஒரு திமிர் உண்டு. உட்கார்ந்து அந்தக் கட்டையும் முழுக்க ஏற்றினேன். ஏற்றி முடித்த கையோடு லிஸ்ட்டை அடித்தேன். இப்போது ஃபைலில் பவுன்தாய்க்குக் கடைசி வரி எது? பழைய ஆறாம் தேதி. பிரஷர் நூற்றுப் பத்து, எழுபது.

கதீஜா மேடம் அன்று இல்லை. தங்கை மகளின் நிக்காஹ் என்று உத்தமபாளையம் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். ஒரு வாரம் ஸ்கேல் வைக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று லிஸ்ட்டை நேராக டாக்டரம்மா மேசையில் வைத்துவிட்டேன். முந்தைய நாள் நானே டைப் செய்த பெயர்தான். இருநூறு பெயரில் ஒரு பெயர், நான் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நான்கு பெயருக்கு வட்டம் விழுந்தது. பவுன்தாய் பெயருக்கு விழவில்லை. ஜீப் அந்தப் பக்கமே போகவில்லை.

செவ்வாய் காலை கதீஜா மேடம் விரலில் மருதாணிச் சிவப்போடு வந்தார். வந்ததும் "சனிக்கெழம லிஸ்ட்டு?" என்றார். போயாச்சு மேடம் என்றேன். "நகல் இருக்குல்ல, குடு." டைரியை விரித்தார். ஸ்கேலை வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது, முடிந்துபோன லிஸ்ட்டுக்கு என்ன பரீட்சை. மூன்றாவது பக்கத்தில் ஸ்கேல் நின்றுவிட்டது.

"ஈஸ்வரி, இங்கன வா. செல்லத்தாயி இருவதாம் தேதி இந்தக் குடியிருப்புக்குப் போயிருக்காக. டைரியில இருக்கு. லிஸ்ட்டுல ஆறாம் தேதின்னு இருக்கு. இருவது எங்கன போச்சு?"

"இருக்கும் மேடம். நானே ஏத்துனேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

"ஆறாம் தேதிய எப்ப ஏத்துன?"

என் கண் லிஸ்ட்டில் இருந்த ஆறாம் தேதிக்குப் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளில் பவுன்தாய் சீட்டை உருவி ஒரு முறை பார்த்தார். முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் ஜீப் டிரைவரிடம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

ஜீப் போனபோது வருசநாட்டுக்கு மேலே ரோட்டிலேயே அவர்களைப் பார்த்துவிட்டது. விடிகாலையில் பவுன்தாய்க்கு ஜன்னி கண்டு கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. சேலையில் தொட்டில் கட்டிக் கம்பில் மாட்டி, புருஷனும் இன்னும் மூன்று பேரும் ஓடையைத் தாண்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். மதியத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். பவுன்தாய் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆம்பளைப் பிள்ளை.

நான் பாத்ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒரு பேப்பரில் ராஜினாமா எழுதிக்கொண்டு போனேன். கதீஜா மேடம் அதை வாங்கவே இல்லை.

"நீ போயிட்டா யாருகிட்ட கேக்குறது? எந்தெந்தக் கட்டு முன்னப்பின்ன ஏறுச்சுன்னு ஒனக்குத்தான தெரியும்? குத்தம் யாரோடதுன்னு பொறகு பாப்போம். இன்னும் எத்தன பொம்பளைக இப்படி மறைஞ்சு கெடக்காகன்னு மொதல்ல பாரு."

அன்றும் மறுநாளும் இரண்டு பேரும் உட்கார்ந்து, இருநூறு தாய்மாரின் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி, லிஸ்ட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். அதே ஆறாம் தேதிக் கட்டில் இன்னும் மூன்று பேர் அகப்பட்டார்கள். இரண்டு பேருக்கு ஆபத்து இல்லை. ஒருத்திக்கு ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது, அன்றைக்கே கூட்டி வந்துவிட்டார்கள். நிர்வாகம் விளக்கம் கேட்டது. நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். அதற்குக் கீழே கதீஜா மேடம் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'சரிபார்க்க வேறு ஆள் ஏற்பாடு செய்யாமல் நான் விடுப்பில் சென்றேன்.' இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் அதை மடித்து டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் குவெரியைச் சரி செய்ய உட்கார்ந்தேன். இதிலும் முதல் தடவை சறுக்கினேன், மணிமேகலை. பெரிய தேதியை எடு என்று சொன்னேன், அதுவரை சரி. கூடவே பெரிய எடை, பெரிய பிரஷர் என்று எல்லாப் பத்திக்கும் அதையே போட்டுவிட்டேன். வந்ததைப் பார்த்தால் ஒரு நாளின் தேதி, வேறொரு நாளின் எடை, மூன்றாவது நாளின் பிரஷர். அப்படி ஒரு பொம்பளை உலகத்திலேயே கிடையாது. கதீஜா மேடம் பார்த்துவிட்டு, "யாரு ஈஸ்வரி இவ? எந்த ஊருக்காரி?" என்று கேட்டார். அந்த வாரத்தில் அன்றுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசியில் இரண்டு படியாக எழுதினேன். முதல் படியில் ஒவ்வொரு தாயின் நம்பருக்கும் மிகச் சமீபத்திய விசிட் தேதி எது என்று மட்டும் கேட்டு ஒரு சின்னப் பட்டியல். அடுத்த படியில் அந்த நம்பரும் அந்தத் தேதியும் சேர்ந்து பொருந்துகிற வரியைப் பெரிய ஃபைலிலிருந்து முழுசாக எடுப்பது. ஒரே நாளில் இரண்டு தடவை பிரஷர் பார்த்திருந்தால் இரண்டு வரி வந்து நிற்கும், அதற்காகச் சீட்டில் நேரத்தையும் எழுதச் சொன்னோம். நீ இப்போது ஒரே குவெரியில் செய்வதைத்தான் நான் இரண்டு படியாகச் செய்தேன். ஏற்றிய தேதி வேறு, பார்த்த தேதி வேறு என்று இரண்டு பத்தி வைத்தேன். மூலையில் கிடந்த பார்த்த தேதியை முதல் பத்தியாக, பெரிய எழுத்தில் கொண்டுவந்தேன். அடியில் 'தயாரித்தவர்: ஈஸ்வரி' என்று போடச் சொன்னவர் கதீஜா மேடம். யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டுமாம்.

இரண்டாயிரத்து இரண்டில் பவுன்தாய் மறுபடி மாசமானாள். செல்லத்தாயி வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் பவுன்தாய் பதினைந்து நாளைக்கு ஒரு முறை தானே பஸ் ஏறித் தேனிக்கு வந்துவிடுவாள். டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வருவாள்.

"எழுதுங்கக்கா" என்பாள்.

"வச்சுட்டுப் போ, சாயந்திரம் ஏத்திருவேன்."

"இல்லக்கா, நான் இருக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் டைப் செய்து முடித்ததும் "தேதியச் சொல்லுங்க" என்பாள். சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். புதுசாகக் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆசை என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியாது. அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியாது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் முள்ளோடு டைப் செய்தேன்.

எட்டாம் மாதம் வந்தபோது என்னால் தாங்கவில்லை.

"பவுன்தாயி, ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும். அன்னைக்கு ஜீப் வராமப் போனதுக்கு..."

"தெரியும்க்கா. செல்லத்தாயி சிஸ்டர் அப்பவே அழுதுக்கிட்டுச் சொல்லிட்டாக."

"தெரிஞ்சுமா என்கிட்டயே வந்து நிக்கிற?"

"வேற எங்கன போக? ஒங்க பொட்டிதான ஜீப்ப அனுப்புது?"

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு மஞ்சப்பையில துணி எடுத்துக்கிட்டு, காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் ரோட்டோரத்து இலவமரத்தடியில ஒக்காந்திருந்தேன்க்கா. ரெண்டு பஸ்ஸு போச்சு. கண்டக்டரு கூப்பிடக்கூடச் செஞ்சாரு. நான் ஏறல. ஜீப்பு வர்றப்ப நான் இல்லாட்டி, பாவம், தேடுவாகளேன்னு ஏறல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் துடைக்கவில்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்குக்கா. இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். அதுக்காக இந்தப் புள்ளைய விட முடியுமா? எழுதுங்க."

எழுதினேன். திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பவுன்தாய் பள்ளிக்கூடம் போனவள் இல்லை, ஆனால் நம்பர் படிப்பாள். விரலைத் திரையில் வைத்துத் தேதியைத் தானே படித்தாள்.

"இன்னைக்குத்தான்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுமாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்ற சீட்டை ஏற்றியதும் நான்தான். அதை ஏற்றியபோது அவள் வந்து உட்காரவில்லை. வார்டிலிருந்து செல்லத்தாயியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அக்கா எழுதிட்டாகளான்னு கேளுங்க. என்னைக்குன்னு போட்டுருக்காகன்னும் கேட்டுட்டு வாங்க."

மணிமேகலை, உன் குவெரி சரியாகத்தான் எடுக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னுடையதும் மூன்று வருடம் சரியாகத்தான் எடுத்தது. டாக்டருக்குச் செல்போனில் இடம் பத்தவில்லை என்றால் அடியில் இன்னும் மாற்றாமல் கிடக்கும் என் பெயரை எடுத்துவிடு. தேதி இருக்கட்டும்.